ஏரிக்குப் போனதை மட்டும் எழுதவில்லை

காக்ஸ்டவுன் அம்மா:

வெளிநாட்டில் மிஷனரியாக இருந்தவர்கள் குடும்ப அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று போன வாரம் நம் பெங்களூர் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். நாங்கள் 2017 முதல் 2023 வரை மலாவியில் இருந்தோம், பிளான்டயர் பக்கம். வீட்டுக்காரர் மிஷன் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன், நான் கணக்கு டீச்சர், போகும்போது மகளுக்கு நாலு வயது. கஷ்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேருக்கும் மாறி மாறி மலேரியா. 2022 ஜனவரியில் அனா புயலில் கபிச்சிரா நீர்மின் நிலையம் உடைந்த பிறகு கரண்ட் வந்தால்தான் அதிசயம். அடுத்த வருடம் மார்ச்சில் ஃப்ரெடி புயல், மலையடிவார வீடுகள் சேற்றோடு போய்விட்டன, ஆஸ்பத்திரிக்குப் போனவர் மூன்று நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். இதெல்லாம் எங்களைத் தாங்குகிறவர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் அப்போதே எழுதியாயிற்று.

எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

மலாவி ஏரிக்கரையில் கேப் மெக்ளியர் என்று ஒரு ஊர். 1875-ல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் வந்து முதலில் குடியேறிய இடம், ஆப்பிரிக்காவில் மிஷனரியாக இருந்த டேவிட் லிவிங்ஸ்டன் நினைவாக லிவிங்ஸ்டோனியா என்று பெயர் வைத்தார்கள், காய்ச்சலில் ஒவ்வொருவராகப் போய்ச்சேர, 1881-ல் இடத்தைக் காலிபண்ணி வடக்கே பண்டாவேக்குப் போய்விட்டார்கள். அவர்கள் கல்லறைகள் இன்னும் அங்கே இருக்கின்றன. 2019-ல் இரண்டு நாள் லீவு போட்டு அங்கே போனோம். கல்லறையைப் பார்த்தது அரை மணி நேரம், மீதி நேரமெல்லாம் தண்ணீரில்தான். அந்த ஏரியில் குளித்தால் பில்ஹார்சியா புழு தோல் வழியாக ஏறும், பிறகு மாத்திரை போட வேண்டும், அது தெரிந்தும் குளித்தோம். தண்ணீர் அவ்வளவு தெளிவு, ரொட்டியைப் பிய்த்துப் போட்டால் மஞ்சளும் நீலமுமாகக் குட்டி மீன்கள் காலைச் சுற்றி வரும், மகள் "அம்மா கூசுது, கூசுது" என்று கத்திக்கொண்டே ரொட்டியை இன்னும் கிட்டத்தில் போடுவாள். வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறையில் ஏறப் போய் வழுக்கி விழுந்தார். ராத்திரி சாம்போ மீன் பொரித்துத் தின்றோம்.

திரும்பி வந்து கடிதம் எழுத உட்கார்ந்தால், கல்லறை பற்றி மட்டும் ஒரு பக்கம் வந்தது. பணம் அனுப்பி எங்களைத் தாங்குகிறவர்களில் பென்ஷன் வாங்கும் டீச்சரம்மாக்கள் உண்டு, மருந்துச் செலவு போக மாதம் 200 ரூபாய் எடுத்து வைக்கிறவர்கள். அவர்களிடம் போய்க் குளித்தோம், மீன் தின்றோம் என்றா எழுதுவது? அந்தக் கடிதத்தை இங்கே சபையில் வாசித்தபோது பாதிப் பேர் அழுதார்களாம். எனக்குக் கேட்கவே வெட்கமாக இருந்தது.

மர்ஃபிடவுன் பொருளாளர்:

சிஸ்டர், உங்கள் சபை வேறு, எங்கள் சபை வேறு, ஆனால் மிஷனரி ஞாயிறு அன்று அந்த மாதிரிக் கடிதங்களை மைக்கில் வாசிக்கிற ஆள் நான்தான், அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். காய்ச்சல், புயல் என்று வந்தால் காணிக்கைக் கவர் கனமாக வரும். எல்லோரும் நலம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று வந்தால் "நல்லாத்தானே இருக்காங்க" என்று பணம் அடுத்த மிஷனரிக்குப் போய்விடும். ஒரு மிஷனரி பையன் கையில் டேப்லெட் இருந்த படத்தைப் பார்த்துக் கமிட்டியில் ஒருவர் கேள்வி கேட்டார். அவர் பேரப்பிள்ளைகள் கையில் என்ன இருந்தது என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஒயிட்ஃபீல்டு வாசி:

நானும் அந்தப் பையன் மாதிரி மிஷனரி பிள்ளைதான். அப்பா அம்மா நேபாளத்தில், போக்ராவுக்குப் பக்கத்தில். நான் ஆறாம் வகுப்பிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் விடுதியில். வருடத்துக்கு ஒருமுறை பெரிய லீவில் போவேன், சென்னையில் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் கோரக்பூர் சேர இரண்டு ராத்திரி, அங்கிருந்து சோனௌலி எல்லைக்கு பஸ், நடந்தே எல்லையைத் தாண்டி மறுபடியும் பஸ், மலைப்பாதை முழுக்க வாந்தி. வாட்சைக் கால் மணி நேரம் முன்னால் திருப்பி வைப்பேன். நேபாள நேரம் நமக்கு 15 நிமிடம் முந்தி, அதைத் திருப்பி வைத்தால்தான் எனக்கு லீவு ஆரம்பித்த மாதிரி.

அங்கே வார விடுமுறை சனிக்கிழமை, ஆராதனையும் சனிக்கிழமைதான். விடுதியில் ஞாயிறு மத்தியானம் போன் பேசலாம், ஆனால் அவர்களுக்கு அது வேலை நாள், அம்மா வகுப்பில் இருப்பார். வார்டன் ஐயாவிடம் சனிக்கிழமைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன், விதி எல்லோருக்கும் ஒன்று என்றார். ஒரு வருடம் முழுக்க அப்பாவிடம் மட்டும்தான் பேசினேன்.

லிவிங்ஸ்டன் பெயரை எழுதியதால் சொல்கிறேன். அவர் 1852-ல் கேப் டவுனில் மனைவி மேரியையும் நாலு பிள்ளைகளையும் கப்பல் ஏற்றி பிரிட்டனுக்கு அனுப்பிவிட்டார். மேரி பிறகு ஆப்பிரிக்காவுக்குத் திரும்பி, 1862-ல் சாம்பசி ஆற்றின் கரையில் ஷுபாங்காவில் காய்ச்சலில் இறந்தார். பிரசங்கத்தில் லிவிங்ஸ்டனை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அந்த நாலு பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஒரு பாஸ்டரும் சொன்னதில்லை. கசப்பில் சொல்லவில்லை, அப்பா அம்மா மேல் கோபம் எப்போதோ போய்விட்டது. போக்ரா ஏரியில் அப்பா படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தது எனக்கும் இருக்கிறது, அதையும் அவர்கள் கடிதத்தில் எழுதியிருக்க மாட்டார்கள் என்று இப்போதுதான் தோன்றுகிறது. அக்கா, உங்கள் மகள் இப்போது எப்படி இருக்கிறாள்?

காக்ஸ்டவுன் அம்மா:

தம்பி, அந்தச் சனிக்கிழமை விஷயத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மகள் நன்றாக இருக்கிறாள், கன்னடம்தான் உயிரை எடுக்கிறது. இங்கே பள்ளியில் கன்னடம் கட்டாயம், அவள் வந்தது ஐந்தாம் வகுப்புக்கு, மற்றப் பிள்ளைகள் பத்தி பத்தியாக எழுதும்போது இவள் அ ஆ இ ஈ. மலாவி மொழியான சிச்செவா சரளம், தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். மலாவியில் பெரியவர்களைக் கண்டால் பெண்பிள்ளைகள் முழங்காலை மடக்கி வணக்கம் சொல்வார்கள், வந்த புதிதில் காக்ஸ்டவுன் மார்க்கெட்டில் பூக்காரம்மாவுக்கு அப்படிச் செய்தாள், அந்தம்மா பயந்துபோய் "ஏன் பாப்பா, கால் பிசகிருச்சா?" என்று ஸ்டூலை எடுத்துப் போட்டார். அங்கே எங்களை "அம்வென்யே" என்பார்கள், இந்தியர்கள் என்று அர்த்தம், கடை வைத்திருக்கிற ஆட்கள் என்றே நினைப்பார்கள், சர்க்கரை என்ன விலை என்று வீட்டு வாசலில் வந்து கேட்டவர்கள் உண்டு. இங்கே சபையில் அவள் "ஆப்பிரிக்கா பொண்ணு". பாட்டுப் பாடச் சொல்லி மேடையில் ஏற்றுகிறார்கள். இரண்டு தடவை பாடினாள், மூன்றாம் தடவை பாத்ரூமில் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள், நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டில் மட்டும் கஷ்டம் இல்லை. அங்கே மக்காச்சோள மாவில் கிண்டுகிற ந்சிமா, இங்கே ராகி முத்தே. இரண்டையும் உருட்டிக் குழம்பில் தொட்டுத்தான் தின்ன வேண்டும், அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மர்ஃபிடவுன் பொருளாளர்:

சிஸ்டர், அந்த ஏரிப் படம் இருந்தால் அனுப்புங்கள். நவம்பர் மிஷனரி ஞாயிறுக்குத் திரையில் போடுகிறேன், யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

காக்ஸ்டவுன் அம்மா:

வேட்டியோடு விழுந்த படம்தான் இருக்கிறது பிரதர். அவரிடம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன்.

ஒயிட்ஃபீல்டு வாசி:

அந்த மீனை எப்படிப் பொரித்தீர்கள் அக்கா?

காக்ஸ்டவுன் அம்மா:

பிளான்டயர் பக்கத்து லிம்பேயில் குஜராத்தி பாய் கடையில் வாங்கிய மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை. முழு மீனையும் கீறி, ஒரு மணி நேரம் ஊறவைத்து, கரி அடுப்பில். எண்ணெய் கொஞ்சம்தான் இருந்தது, அதனால் வால் பக்கம் கருகிவிட்டது, மகள் அதைத்தான் முதலில் எடுத்தாள்.