அடுத்து எந்தப் பழைய படம் போடலாம்?

வணக்கம் மக்களே. பழைய படம்னாலே அழுகையும் பாட்டும்தான்னு ஓடுற பொண்ணு எங்க வீட்ல. 'காதலிக்க நேரமில்லை'யில (1964) நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்ல பாலையா முழிக்கிற முழி இருக்கே, அதுல விழுந்துட்டா. அப்புறம் 'அந்த நாள்' (1954) போட்டேன். பாட்டே கிடையாது; எடுத்த எடுப்புல சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார், யார் சுட்டதுன்னு ஆளாளுக்கு ஒரு கதை. போனைத் தொடவே இல்ல! வீணை பாலசந்தர் இருட்டையும் வெளிச்சத்தையும் வெச்சு மிரட்டியிருக்கார்.

அடுத்து என்ன போடலாம்? 1970க்கு முந்தினதா, விறுவிறுப்பா, இல்லேன்னா வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறதா இருக்கணும். 'பாசமலர்' வேண்டாம், எனக்கே தாங்காது. இந்தி, மலையாளம்னாலும் ஓகே. யூடியூப்ல நல்ல பிரிண்ட் இருந்தா சேர்த்துச் சொல்லுங்க.