மணமற்றதா, மணம் சேர்க்காததா?

தக்கலை, திங்கள்
நண்பர்களே, அங்கன்வாடித் தாய்மாருக்கு ஒரு துண்டறிக்கை மொழிபெயர்க்கிறேன்: ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்தக் கிரீம் பூசலாம் என்று. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘அன்சென்டட்’, ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ இரண்டுக்கும் ‘மணமற்ற’ என்றே எழுதிவிட்டு முழிக்கிறேன். முதலாவதில், மூலப்பொருளின் வாடையை அமுக்க வேறொரு வாசனைப் பொருள் கலந்திருக்கலாம். மூக்கு ஏமாந்துவிடும், தோல் ஏமாறாது. இரண்டாவதில் வாசனைக்கென்று எதுவுமே சேர்ப்பதில்லை.

நாகர்கோவில், திங்கள் இரவு
‘விரையிலி’ என்று போடுங்கள். விரை என்றால் நறுமணம். வாசனை வடமொழி, வேண்டாம். ‘நாற்றமிலி’ என்றாலும் எனக்குச் சம்மதமே. குறள் 1274இல் மொட்டுக்குள் இருக்கும் நாற்றம் நறுமணம்தான். சொல்லை நாறவிட்டவர்கள் நாம்.

தோவாளை, செவ்வாய்
அண்ணாச்சி, விரை வீக்கம் என்றுதான் ஊரில் அந்தச் சொல் பிழைத்திருக்கிறது. பிள்ளைக் கிரீமில் ‘விரையிலி’ என்று கண்டால் எந்த அம்மாவும் டப்பாவைத் திரும்ப வைத்துவிடுவாள். பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்த என் மயினியிடம் ‘மணமற்றது’ என்றேன். “நேத்தையப் பூவா?” என்றாள். ‘மணம் சேர்க்காதது’ என்றதும், “செண்டு போடாததுன்னு சொல்லு” என்றாள்.

நாகர்கோவில்
‘சேர்க்காதது’ எதிர்மறை வினையாலணையும் பெயர். கலைச்சொல் கேட்டால் வாக்கியம் தருகிறீர்களே! ஈறு கெடுத்து ‘மணஞ்சேராக் களிம்பு’ என்றாலாவது காது தாங்கும்.

குலசேகரம்
சேரா என்றால் தானாகச் சேராதது. இங்கே சேர்ப்பவன் கம்பெனிக்காரன், பிறவினைதான் வேண்டும். அப்புறம், தேங்காய்ப்பால் காய்ச்சி எடுக்கிற நம் உருக்கெண்ணெயை எங்கே வைப்பீர்கள்? யாரும் மணம் சேர்க்கவில்லை, ஆனாலும் வீடே மணக்கும். ‘மணமற்ற’ அங்கேயே தோற்றுவிட்டது. இயற்கை என்று லாவெண்டர் எண்ணெய் கலப்பதையும் அறிக்கையில் சொல்லுங்கள். அதிலுள்ள லினலூல் என்ற வாசனைப் பொருள் காற்றுப்பட்டு ஆக்சிஜனேறினால் ஒவ்வாமை தரக்கூடியது. ஐரோப்பாவில் 2005இல் லினலூல் உட்பட 26 வாசனைப் பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று விதி வந்தது, கழுவாமல் விடும் கிரீமில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே; 2023இல் அந்தப் பட்டியலை இன்னும் நீட்டினார்கள். மற்றவை ‘பர்ஃப்யூம்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளலாம்.

தக்கலை, வியாழன்
சரி, ‘மணம் சேர்க்காதது’, ‘மணம் மறைத்தது’ என்று அனுப்பிவிட்டேன். அடைப்புக்குறிக்குள் மயினியின் ‘செண்டு போடாதது’ம் உண்டு.

நாகர்கோவில்
மயினிக்கு வணக்கம். என் ஓட்டு இன்னும் விரையிலிக்கே.