ஏ.டி.பி. உடைந்தால் ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

வணக்கம். உயிர்வேதியியல் தெரிந்தவர்கள் ஒரு சிக்கலை அவிழ்த்துத் தர வேண்டும்.

பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் இரண்டு பாடப்புத்தகங்களை அருகருகே விரித்துவைத்து என்னை மடக்குகிறாள். எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் செலவாகும் என்கிறது வேதியியல். உயிரியலோ, செல்லுக்குள் ஆற்றலைக் கொண்டுசேர்க்கும் ஏ.டி.பி. மூலக்கூறின் கடைசி பாஸ்பேட் பிணைப்பு உடைந்தால் மோலுக்கு ஏறத்தாழ 30.5 கிலோஜூல் வெளிப்படும் என்கிறது. இரண்டில் எது பொய் என்கிறாள்.

நான் படித்தவரை, உடைவது பாதிக் கதைதான். நீர் மூலக்கூறு சேர்ந்து புதிய பிணைப்புகள் உருவாகின்றன. மூன்று பாஸ்பேட்டுகளிலும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த எதிர்மின்சுமைகள் விலகுகின்றன. பிரிந்த பாஸ்பேட், மின்சுமை பல அணுக்களில் பரவும் உடனிசைவால் நிலைப்படுகிறது. நீரும் அதைச் சூழ்ந்துகொள்கிறது. மொத்தக் கணக்கில்தான் ஆற்றல் மிஞ்சுகிறது. 1941இல் உயிர்வேதியியலாளர் ஃபிரிட்ஸ் லிப்மன் அந்தப் பிணைப்பை ‘உயர் ஆற்றல் பிணைப்பு’ என்று காட்டப் போட்ட வளைகோட்டுக் குறிதான் (~) இத்தனை குழப்பத்துக்கும் வித்து என்பது என் சந்தேகம்.

இனி என் கேள்விகள். இந்தக் காரணங்களில் எது முதன்மையானது? இவ்வளவு ஆற்றல் வெளிவரும் என்றால், நொதி இல்லாதபோது ஏ.டி.பி. நீரில் உடனே சிதையாமல் நிற்பது எப்படி? உயிருள்ள செல்லுக்குள் அந்த மதிப்பு 50 கிலோஜூல் அளவுக்கு உயர்வதைச் செறிவுகளைக் கொண்டு அவளுக்கு எப்படி விளக்குவது? சமன்பாடு வந்தாலும் பரவாயில்லை, மடக்கை அவளுக்குத் தெரியும். பாட்டரி உவமை மட்டும் வேண்டாம். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டாள்.