டுரியான் தோட்டத்தில் நிறுத்திய கேரவன்: பூட்டை நோண்டியிருக்கிறார்கள், கூரை உடைந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

சுங்கை ஆரா வாசி:

அனைவருக்கும் வணக்கம். காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சிறிய கேரவன் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், உள்ளே நான்கு பேர் படுக்கலாம். பள்ளி விடுமுறைகளில் கேமரன் மலைக்கும் லூமூட்டுக்கும் போய்வருவோம். மற்ற நாள்களில் சும்மாதான் நிற்கும். நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே நிறுத்த நிர்வாகம் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் பினாங்குத் தீவின் பாலேக் பூலாவில் ஒரு சீனப் பெரியவரின் டுரியான் தோட்டத்து ஓரமாக, மாத வாடகைக்கு நிறுத்தியிருக்கிறோம்.

நேற்று போய்ப் பார்த்தால் வயிறு எரிகிறது. முன்பக்கப் பெட்டியில் இருந்த சமையல் வாயு சிலிண்டரும் பேட்டரியும் காணவில்லை. வெளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கேபிளையும் கொண்டுபோய்விட்டார்கள். வண்டியைக் காரோடு இணைக்கும் கப்ளரில் போட்டிருந்த பூட்டின் சாவித் துவாரம் நசுங்கியிருக்கிறது, சுற்றிலும் புதிய கீறல்கள். பூட்டு மட்டும் திறக்கவில்லை. கூரையில் காற்றுக்காக வைத்த பிளாஸ்டிக் மூடி உடைந்து, துண்டுகள் மெத்தைமேல் கிடக்கின்றன. ஜன்னல் ரப்பர் ஓரிடத்தில் பிய்ந்து தொங்குகிறது.

500 வெள்ளிக்குள் (ரிங்கிட்) என்ன செய்யலாம்? எந்தப் பூட்டு நல்லது? ஜிபிஎஸ் கருவி பயன்படுமா? விற்றுத் தொலையுங்கள் என்கிறார் மனைவி.

பட்டர்வொர்த் தம்பி:

அண்ணா, கவலைப்படாதீர்கள். முழு வண்டியையும் இழுத்துக்கொண்டு எங்கே போய்விடுவான்? கார் ஏற்றும் ஃபெரி 2020 முடிவோடு நின்றுவிட்டது. தீவை விட்டு வெளியேற இரண்டே பாலங்கள். டோல் சாவடியில் கேரவனைப் பார்த்தால் யாருக்கும் அடையாளம் தெரியும். நல்ல பெரிய பூட்டாக ஒன்று வாங்கிப் போடுங்கள், போதும்.

பழைய லாரிக்காரர்:

தம்பி, தினமும் பாலம் தாண்டுகிறவர் நீங்கள், இதை மறக்கலாமா? இரண்டு பாலத்திலும் டோல் வாங்குவது பெருநிலத்திலிருந்து தீவுக்கு வரும்போதுதான். தீவிலிருந்து போகிறவன் எந்தச் சாவடியிலும் நிற்கவேண்டியதில்லை. திருடிக்கொண்டு போகிறவனுக்கு வழி முழுக்கத் திறந்திருக்கிறது. மேலும், கேரவனைக் கேரவனாகத்தான் விற்பான் என்று யார் சொன்னது? இங்கேயே ஏதாவது ஒரு கொட்டகைக்குள் தள்ளி, அச்சு வேறு, அலுமினியம் வேறாகப் பிரித்துப் பழைய இரும்புக் கடையில் போட்டால் முடிந்தது.

சுங்கை ஆராக்காரரே, பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். கப்ளர் பூட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கைப்பிடியில் உள்ள துளையில் கோர்ப்பது. அது கைப்பிடியை மட்டும்தான் தூக்கவிடாமல் தடுக்கும், கீழே குழி திறந்தே இருக்கும். இன்னொன்று, இரும்புப் பந்து உட்காரும் குழியையே உள்ளிருந்து அடைத்துக்கொள்வது. குழி அடைபட்டால் திருடன் தன் காரின் பந்தில் வண்டியை உட்காரவைக்கவே முடியாது. உங்களிடம் இருப்பது எது?

எதுவானாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். பந்தில் மாட்ட முடியாவிட்டால் மூக்கில் சங்கிலி சுற்றி இழுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நிறுத்தவேண்டிய இடம் சக்கரம்.

மலையடி அக்கா:

தம்பி, எங்கள் குடும்பத் தோட்டமும் அந்தப் பக்கம்தான். பூட்டைப் பற்றி ஐயா சொல்லட்டும். எனக்குக் கூரைதான் உறுத்துகிறது. திருட வந்தவன் கதவை விட்டுவிட்டுக் கூரைமேல் ஏன் ஏறினான்? அந்தத் திறப்பு வழியாக ஆள் நுழைய முடியுமா?

இன்னொன்று. பிய்ந்த ரப்பரின் விளிம்பு கத்தியால் அறுத்ததுபோல் நேராக இருக்கிறதா, பல் பதிந்ததுபோல் கொரகொரவென்று இருக்கிறதா? உடைந்த மூடியின் துண்டுகளிலும் அதைப் பாருங்கள். கூரைமேல் எச்சம் ஏதாவது கிடக்கிறதா?

சுங்கை ஆரா வாசி:

அக்கா, இன்று காலை ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் கேட்டது சரி. ரப்பரின் விளிம்பு முழுவதும் சின்னச் சின்னப் பல் தடம். மூடியின் ஒரு மூலையில் அரைவட்டமாகக் கடித்த அடையாளம். கூரையெல்லாம் அழுக்குக் கை, கால் பதிவுகள், ஒரு மூலையில் எச்சம். உள்ளே அலமாரியில் விட்டிருந்த பிஸ்கட் டப்பா தரையில் கிடந்தது. திறப்பு ஓர் ஆள் நுழையும் அளவு இல்லை.

ஆனால் மின்கேபிள் வேறு மாதிரி. வண்டியோடு ஒரு சாண் துண்டு மிச்சம் நிற்கிறது, அதன் முனை பளபளவென்று ஒரே வெட்டாக இருக்கிறது.

ஐயா, என்னிடம் இருப்பது கைப்பிடித் துளையில் கோர்க்கும் பூட்டுதான்.

மலையடி அக்கா:

அப்படியானால் கூரை குரங்கு வேலை. நீளவால் குரங்குக் கூட்டம் ஒன்று மலை ஓரமாக இறங்கி வரும். பிஸ்கட் வாசனை போதும், பிளாஸ்டிக்கை நகத்தால் நெம்பிவிடும். ஆயிரம் வெள்ளிக்குப் பூட்டு வாங்கினாலும் குரங்கு கவலைப்படாது.

வண்டிக்குள் சாப்பாட்டுப் பொருள் ஒரு துளிகூட இருக்கக்கூடாது. சமையல் எண்ணெய்ப் போத்தல், பல் துலக்கும் பசைகூட வேண்டாம். அடுப்படியைச் சோப்பு போட்டுத் துடையுங்கள். கூரைத் திறப்பின்மேல் இரும்புக் கம்பி வலை அடியுங்கள். வண்டி ஒரு டுரியான் மரத்தடியில் நிற்கிறதென்றால் தயவுசெய்து தள்ளி நிறுத்துங்கள். குரங்குக்காக மட்டும் சொல்லவில்லை. காய்க்கும் காலத்தில் இரண்டு கிலோ டுரியான் ஒன்று கூரையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப்பாருங்கள்.

ஆளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். காய்ப்புக் காலத்தில் அந்தத் தோட்டங்களில் இரவு முழுவதும் கொட்டகையில் ஆள் இருப்பார்கள், விழும் பழத்தைப் பொறுக்க. பழத்தைத் திருட வருகிறவனைப் பிடிக்க நாய்கூட இருக்கும். காய்ப்பு முடிந்துவிட்டால் வாரக்கணக்கில் ஒரு ஈ காக்கை இருக்காது. உங்கள் சிலிண்டர் போனது அந்த மாதிரி நேரத்தில்தான் என்று நினைக்கிறேன்.

சுங்கை ஆரா வாசி:

ஆமாம் அக்கா, காய்ப்பு முடிந்து பல வாரம் ஆகிவிட்டது. கொட்டகை காலியாகத்தான் கிடக்கிறது.

பட்டர்வொர்த் தம்பி:

கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. சரி, அப்படியென்றால் கதவுக் கைப்பிடியில் மின்சாரம் கொடுத்துவைத்தால் என்ன? ஒருமுறை பட்டால் மறுமுறை வரமாட்டான்.

பழைய லாரிக்காரர்:

வேண்டாம் தம்பி. முதலில் படப்போவது தோட்டக்காரப் பெரியவரோ அவர் பேரப்பிள்ளையோதான். திருடனுக்கே பட்டாலும் சிறைக்குப் போகிறவர் வண்டி வைத்திருப்பவர்.

இப்போது வேலையைச் சொல்கிறேன். வந்திருப்பது ஒரே ஆள் இல்லை. குரங்கு விஷயத்தை அக்கா சொல்லி முடித்துவிட்டார். சிலிண்டர், பேட்டரி, கேபிள் எடுத்தவன் செம்புக்கும் பழைய இரும்புக்கும் அலைகிறவன். அவனிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிளும் வெட்டுக் கத்தரியும். கப்ளரை நோண்டியவன் மூன்றாமவன். வண்டியே வேண்டும் என்று வந்தவன், மறுபடியும் வருவான்.

இரண்டாமவனுக்கு எடுப்பதற்கு எதையும் மிச்சம் வைக்காதீர்கள். சிலிண்டர், பேட்டரி, உதிரிச் சக்கரம், கேபிள், நாற்காலி, மேசை எல்லாம் வீட்டுக்கு வரட்டும். பேட்டரியை வீட்டில் வைத்துச் சார்ஜ் செய்தால் அதன் ஆயுளும் கூடும். முன்பக்கப் பெட்டியைப் பூட்டாமல் திறந்தே விடுங்கள். பூட்டியிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று நெம்பி உடைப்பான். உள் அலமாரிக் கதவுகளையும் திறந்து வைத்து, திரைச்சீலையை விலக்கிவிடுங்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெறுமை தெரியவேண்டும்.

மூன்றாமவனுக்கு, குழியை அடைக்கும் கப்ளர் பூட்டு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. உங்கள் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், ஆல்-கோ போன்ற ஐரோப்பிய வகையா? அப்படியென்றால் சக்கரத்துக்குப் பின்னால் அச்சுப் பக்கத்தில் பூட்டை ஏற்கும் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரிம்மின் துளை வழியாகப் போய் அதில் பொருந்தும் பூட்டு கிடைக்கும். அது விலை அதிகம், 500 வெள்ளிக்குள் அடங்காது. அடங்காவிட்டால் சங்கிலிதான்.

சங்கிலி வாங்கும்போது கடைக்காரர் கையில் கொடுப்பதை வாங்காதீர்கள். 13 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கீழே இருந்தால் பெரிய போல்ட் கட்டர் கடித்துவிடும். உறுதியூட்டிய எஃகில் 16 மில்லிமீட்டர் கேளுங்கள். கோர்ப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. சக்கரத்துக்குள் மட்டும் விட்டால், அவன் நட்டைக் கழற்றிச் சக்கரத்தையே உருவிப் போட்டுவிட்டு வேறு சக்கரம் மாட்டுவான். சங்கிலி ரிம் வழியாகப் போய் அச்சையோ சேசிஸையோ சுற்றி வரவேண்டும். பிரேக் கம்பியை நசுக்காமல் பாருங்கள். சங்கிலி தரையில் தளர்வாகக் கிடக்கக்கூடாது. தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கையைத் தரையில் ஊன்றி உடம்பு எடை முழுவதும் போட்டு அமுக்குவான். இறுக்கமாக, மேலே நிற்கும்படி கட்டுங்கள்.

கிரைண்டர் கொண்டுவந்தால் எந்தப் பூட்டும் நிற்காது. ஆனால் சத்தம் கேட்கும், நேரம் பிடிக்கும். கேட்கிற காதுக்கு ஆள் வேண்டும். அதனால் பெரியவரிடம் பேசுங்கள். காய்ப்பு முடிந்த மாதங்களில் அவர் வீட்டு முற்றத்துக்குப் பக்கத்தில் நிறுத்த இடம் தருவாரா? வாடகையை இருபது, முப்பது வெள்ளி கூட்டிக் கொடுத்தாலும் தகும்.

காப்புறுதிக்காரி:

ஐயா எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. போலீஸ் புகார் கொடுத்தீர்களா? எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், பாலேக் பூலாவுக்கே போகவேண்டும் என்பதில்லை. திருட்டையும் சேதத்தையும் தனித்தனியாகச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பொருளை நாசம் செய்வது குற்றவியல் சட்டத்தின் 427ஆம் பிரிவில் வரும். குரங்கு உடைத்ததைத் திருடன் கணக்கில் எழுதாதீர்கள். பின்னால் இழப்பீடு கேட்கும்போது மதிப்பீட்டாளர் பல் தடத்தைப் பார்த்தால் மற்றதையும் நம்பமாட்டார்.

காரின் காப்புறுதி கேரவனையும் சேர்த்தே காக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாலிசியை எடுத்து, கேரவன் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறதா, நிறுத்தி வைத்திருக்கும் காலத்துக்கும் செல்லுமா, உள்ளிருக்கும் பொருள்களுக்கு உண்டா என்று பாருங்கள். சேசிஸ் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே எண்ணைக் கட்டிலுக்கு அடியில், தெரியாத இடத்தில் நிரந்தர மையால் எழுதிவிடுங்கள். தகட்டைப் பிடுங்கினாலும் வண்டி உங்களுடையது என்று காட்டலாம்.

பட்டர்வொர்த் தம்பி:

ஜிபிஎஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் பையில் ஏர்டேக், அதாவது இடம் காட்டும் ஆப்பிள் வில்லை, இருக்கிறது. அதையே கேரவனில் ஒட்டிவிடலாமே?

காப்புறுதிக்காரி:

ஏர்டேக் தானாக எங்கேயும் செய்தி அனுப்பாது. பக்கத்தில் போகும் ஐபோன்கள்தான் அதைக் கேட்டு இடம் சொல்லும். ஆளே இல்லாத டுரியான் தோட்டத்தில் யாருடைய ஐபோன்? வண்டியைத் திருடி ஊருக்குள் கொண்டுவந்தால் இடம் தெரியும், சரி. ஆனால் உங்கள் ஏர்டேக் ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் கைப்பேசிக்கும் எச்சரிக்கை போகும். கூடுதலாக ஒன்று என்றால் வைக்கலாம்.

சிம் அட்டை போட்ட ஜிபிஎஸ் கருவியென்றால் 4ஜி வகையாக வாங்குங்கள். 3ஜி இங்கே 2021 முடிவோடு நிறுத்தப்பட்டுவிட்டது, பழைய சரக்கை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள், ஆகவே தனக்கென்று பேட்டரி உள்ளதாக இருக்கவேண்டும். ப்ரீபெய்ட் சிம் என்றால் காலாவதித் தேதியை நாள்காட்டியில் குறியுங்கள். டாப்-அப் செய்ய மறந்தால் திருட்டு நடக்கும் இரவில் கருவி ஊமையாக இருக்கும். வெளிச்சுவர் அலுமினியம் என்றால் சிக்னல் அடைபடும். ஜன்னலுக்குக் கீழே மரப் பலகைக்குப் பின்னால் வையுங்கள்.

சுங்கை ஆரா வாசி:

எல்லாருக்கும் நன்றி. புகார் கொடுத்தாயிற்று, எண்ணும் கையில் இருக்கிறது. பெரியவரிடம் பேசினேன். முற்றத்தில் இடமில்லையாம், ஆனால் அவர் மகன் வீட்டு வேலியை ஒட்டி ஒரு காலி இடம் இருக்கிறது, அங்கே தெருவிளக்கும் உண்டு, நாயும் உண்டு. நாய் எங்களைப் பார்த்தே பயங்கரமாகக் குரைத்தது, மனைவிக்கு அதில் திருப்தி. விற்பனைப் பேச்சு தற்போதைக்கு ஓய்ந்திருக்கிறது.

சேசிஸில் குமிழ் இல்லை, ஆகவே சங்கிலிதான். புது இடத்தில் தரையில் கான்கிரீட் போட்டு வளையம் ஒன்று புதைக்கப் பெரியவர் மகன் சம்மதித்துவிட்டார். சங்கிலியை அதோடும் சேர்த்துக் கட்டலாமா ஐயா? கான்கிரீட் எத்தனை நாள் காயவேண்டும்? கடற்காற்றில் பூட்டு துருப்பிடிக்காதா?

பழைய லாரிக்காரர்:

கட்டலாம், அதுதான் நல்லது. வளையம் வாங்கும்போது சங்கிலியைவிட மெலிந்ததாக வாங்கிவிடாதீர்கள், கட்டர் மெலிந்த இடத்தைத்தான் தேடும். வளையத்தின் கால்கள் கீழே வளைந்து கான்கிரீட்டுக்குள் கவ்வியிருக்கவேண்டும், நேர்க்கம்பியை ஜாக்கி வைத்து உருவிவிடலாம். ஒரு வாரம் விட்டுவிட்டு வண்டியைக் கட்டுங்கள், முழு வலு வர 28 நாள் ஆகும். ஊற்றிய அன்று மழை வந்தால் மேலே தார்ப்பாய் போடுங்கள்.

பூட்டுக்குச் சாவித் துவாரத்தை மூடும் ரப்பர் மூடி உள்ளதாகப் பாருங்கள். துவாரம் கீழே பார்த்தபடி தொங்கட்டும். சமையல் எண்ணெய் விடாதீர்கள், பிசுபிசுத்து மண் ஒட்டும். கிராஃபைட் தூள் போடுங்கள். மாதம் ஒருமுறை போய் ஒவ்வொரு பூட்டையும் திறந்து மூடுங்கள். டயரும் ஒரே இடத்தில் அமுங்காமல் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள்.

பட்டர்வொர்த் தம்பி:

அக்கா, கூரைக்கு வலை என்றீர்களே, கோழிக்கூண்டு வலை போதுமா? என் மாமா வீட்டில் ஒரு சுருள் சும்மா கிடக்கிறது, அண்ணனுக்குக் கொடுக்கலாம்.

மலையடி அக்கா:

வேண்டாம், கோழிவலையைக் குரங்கு விரலால் பிரித்துவிடும். ஹார்ட்வேர் கடையில் பற்றவைத்த கம்பி வலை கேளுங்கள், கண் அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. திறப்பு மேலே திறக்கும் வகையென்றால் அதற்கு இடம் விட்டுக் கூடுபோல் வளைத்து அடியுங்கள். ஓரத்தை மடித்துத் திருகாணி போட்டு, ஆணித் துளைகளில் சிலிகான் பூசுங்கள், இல்லையென்றால் முதல் மழையிலேயே மெத்தை நனையும்.