படகின் டீசல் டேங்க்: புதுப்பிப்பு

போன மாதம் கேட்டிருந்தேன்: முத்துப்பேட்டையில் நிற்கும் என் பழைய ஃபைபர் படகில் இரும்பு டீசல் டேங்க் கசிகிறது, ஒட்டுப் போடலாமா, மாற்றவேண்டுமா என்று. மாற்றியாகிவிட்டது.

தளப்பலகையை அறுத்துத்தான் டேங்கை வெளியே எடுக்க முடிந்தது. மேல்பக்கம் நன்றாகவே இருந்தது. திருப்பிப் பார்த்தால், ஈரப்பலகையில் உட்கார்ந்திருந்த அடித்தகடு முழுக்கத் துரு. ஸ்க்ரூடிரைவரால் தட்டியதுமே மூன்று இடத்தில் ஓட்டை விழுந்தது. உள்ளேயும் அப்படித்தான். பாதி டேங்கோடு படகை நிறுத்தி வைத்தால் உள்காற்றின் ஈரம் தண்ணீராகி, டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கிவிடுகிறது. அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கறுப்புக் கசடு வளர்ந்திருந்தது. கோரையாற்று முகத்துவாரத்தில் அடிக்கடி இன்ஜின் திணறியதற்குக் காரணம் இதுதான். அநியாயமாகப் பம்பைச் சந்தேகப்பட்டேன்.

ஒட்டுப் போடச் சொன்னவர்களுக்கு: வெல்டர் அண்ணன் மறுத்துவிட்டார். காலி டேங்கிலும் ஆவி தங்கியிருக்கும், தீப்பொறி பட்டால் வெடிக்கும் என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி.

புதிது 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. அடியில் ரப்பர்ப் பட்டைகள், காற்றுப் போக இடைவெளி, தண்ணீர் வடிக்க ஒரு திருகு. டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் போட்டேன். நேற்று அலையாத்திக் காடு வரை போய் வந்தேன், ஒருமுறைகூட நிற்கவில்லை.