பல உலகக் கோட்பாடு சரியென்றால் சாவே கிடையாதா?

கேள்வி:
இயற்பியலாளர் எவரெட் 1957-இல் சொன்னபடி, அலைச்சார்பு (குவாண்டம் பொருளின் சாத்தியமான நிலைகளையெல்லாம் சேர்த்து விவரிக்கும் கணிதச் சார்பு) அளக்கும்போது ஒரே விளைவாகச் சுருங்குவதே இல்லை, எல்லா விளைவுகளும் ஏதோ ஒரு கிளையில், அதாவது பிரிந்துபோகும் உலகில், நடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எலக்ட்ரானின் ஸ்பின்னை (அளந்தால் மேல், கீழ் என இரண்டே விளைவு தரும் குவாண்டம் பண்பு) அளக்கிறோம், வாய்ப்பு பாதிக்குப் பாதி. மேல்நோக்கி இருந்தால் ஆள் பிழைப்பார், கீழ்நோக்கி இருந்தால் அந்த நொடியே இறப்பார். பத்து முறை நடந்தாலும் அவர் பிழைத்த கிளை ஒன்று இருக்கும். இறந்த கிளைகளில் எதையும் உணர ஆளில்லை. அப்படியானால் "நிச்சயம் பிழைப்பேன்" என்று அவர் முன்கூட்டியே எதிர்பார்க்கலாமா?

பதில் 1:
கூடாது. பத்து முறைக்குப் பின் பிழைத்த கிளையின் எடை (அந்த விளைவுக்குக் குவாண்டம் கோட்பாடு தரும் நிகழ்தகவு) 1/1024. மீதி 1023 பங்கைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, மிஞ்சியதை 1 என்று ஆக்கிக்கொள்வதில்தான் பிழை. அலைச்சார்பு எப்படி மாறுகிறது என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் அப்படி எந்தப் படியும் இல்லை. கிளைகளின் எண்ணிக்கையை வைத்து நிகழ்தகவு சொல்லவும் கூடாது. மேல்நோக்கி இருக்கும் ஸ்பின்னை 60 டிகிரி சாய்வான அச்சில் அளந்தால் விளைவுகள் இரண்டுதான், ஆனால் எடைகள் 3/4, 1/4.

பதில் 2:
எடைக் கணக்கு சரி. ஆனாலும் கேள்வியின் வலு அதோடு தீரவில்லை. இயற்பியலாளர் வைட்மன் 1998-இல் தந்த உதாரணத்தில் ஒருவர் தூக்க மாத்திரை போட்டுக்கொள்கிறார். குவாண்டம் அளவீட்டின் விளைவைப் பொறுத்து அறை அ அல்லது அறை ஆவுக்குக் கொண்டுபோகப்படுகிறார். விழித்தபின், கண் திறக்குமுன், "எந்த அறையில் இருக்கிறேன்?" என்று இரு கிளைகளிலும் உள்ள இருவருமே கேட்கலாம்; நிகழ்தகவுக்கு அங்கே பொருள் உண்டு. சாவில் அப்படிக் கேட்க ஒரு பக்கம் யாருமே இல்லை. அதனால் பிளவுக்கு முன்பே, எடை எவ்வளவோ அவ்வளவு அந்தக் கிளைமேல் அக்கறை வை என்கிறார் அவர். அப்படிப் பார்த்தால் 1023 பங்கு இழப்பு இழப்புதான்.

பதில் 3:
நிஜ மரணத்துக்கு இந்த வாதம் பொருந்தவே பொருந்தாது. இயற்பியலாளர் டெக்மார்க் இந்த வாதத்துக்கு மூன்று நிபந்தனைகள் வைத்தார்: சீட்டுக் குலுக்கல் குவாண்டம் நிகழ்வாக இருக்க வேண்டும், விளைவை உணருமுன் முடிவு வர வேண்டும், காயத்தோடு தப்பும் வாய்ப்பு மிகமிகக் குறைவாக இருக்க வேண்டும். நோயும் மூப்பும் படிப்படியாக நினைவை அணைக்கின்றன, "சட்டென்று இல்லாமல் போகும்" எல்லைக்கோடு அங்கே கிடையாது. 2004-இல் வெளியான கட்டுரையில் தத்துவவாதி டேவிட் லூயிஸ் இன்னும் கடுமையான விளைவைக் காட்டினார்: வாதத்தை அப்படியே ஏற்றால், எதிர்பார்க்க வேண்டியது நலம் அல்ல, உடல் மேன்மேலும் சிதைந்தபடி நீளும் உயிர்.

கேள்வி கேட்டவர்:
பிழைத்த கிளையில் இருப்பவர் "நான்"தானா?

பதில் 2:
அடையாளம் ஒன்றுக்கு ஒன்று என்ற உறவு. ஒருவர் இருவரானால் இருவருமே அந்த ஒருவராக இருக்க முடியாது, ஏனெனில் அவர்கள் ஒருவருக்கொருவர் வேறு. தத்துவவாதி பார்ஃபிட் 1984-இல் சொன்னது, முக்கியம் அடையாளமல்ல, நினைவும் எண்ணமும் குணமும் தொடர்வதே. பிழைத்தவரிடம் அந்தத் தொடர்ச்சி முழுதாக இருக்கிறது. அது அவருடைய கிளையின் எடையை 1/1024-க்கு மேல் உயர்த்துவதில்லை.