எட்டியா, தேத்தாவா? காய்க்காத மரத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

நண்பர்களே, எட்டி, தேத்தா இரண்டும் ஸ்டிரிக்னோஸ் என்ற ஒரே பேரினம். எட்டி கடும் விஷம். தேத்தாவின் கொட்டையை உரைத்துக் கலங்கிய நீரைத் தெளிய வைக்கலாம். காய்த்துவிட்டால் குழப்பமே இல்லை. எட்டிப் பழம் ஆரஞ்சு நிறத்தில் பெரிதாக, உள்ளே பட்டன் போன்ற தட்டை விதைகளோடு இருக்கும். தேத்தாப் பழம் சிறியது, கருப்பாகப் பழுக்கும், ஒற்றை விதைதான்.

நான் பார்க்கும் இளமரத்தில் காய் இல்லை. எதிரெதிர் இலைகள், அடியிலிருந்தே பிரியும் நரம்புகள். இலை, பட்டையை வைத்தே உறுதிசெய்ய வழி உண்டா? (கடித்துப் பார்க்கச் சொல்லாதீர்கள்!)

அப்புறம், தேத்தா ஆப்பிரிக்காவிலும் வளர்கிறது. அங்கே எடுத்த இலைப் படங்கள் இருந்தால் பகிருங்கள். அமேசான் பக்கம் அம்பு விஷம் தரும் ஸ்டிரிக்னோஸ் கொடி வகைகளின் படங்களும் வேண்டும்.